போர்க்காலத்தில் ஒரு மாட்டு வைத்தியர் வீடு: ஜேம்ஸ் ஹெரியட் கதைகளுக்குப் பின்னால் இருந்த தெர்ஸ்க் நகரம்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் வட்டாரத்தில் தெர்ஸ்க் என்ற சிறிய சந்தை ஊர் இருக்கிறது. அங்கே கிர்க்கேட் தெருவில் 23-ஆம் எண் வீடு ஒரு கால்நடை மருத்துவரின் இல்லமாகவும் மருத்துவ நிலையமாகவும் பல ஆண்டுகள் இருந்தது. ‘ஆல் கிரியேச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்’ தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்த வீடு ஸ்கெல்டேல் ஹவுஸ் என்ற பெயரில் அறிமுகம். ஊரின் பெயர் கதையில் டாரோபி. ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் எழுதியவரின் உண்மைப் பெயர் ஜேம்ஸ் ஆல்ஃபிரட் வைட். நண்பர்களுக்கு ஆல்ஃப். அவருடைய நூல்கள் உலகம் முழுவதும் 6 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது.

நூல்களின்படி இளம் மருத்துவர் 1937-இல் டாரோபிக்கு வந்து சேர்கிறார். பச்சைக் குன்றுகள், கோடை வெயில், தேநீர், பெரிய போர் இன்னும் தொடங்காத நிம்மதியான ஊர். உண்மையில் ஆல்ஃப் வைட் தெர்ஸ்க் வந்தது 1940 ஜூலையில். பிரான்ஸ் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஜெர்மானியப் படை எந்த நாளும் கரையிறங்கலாம் என்ற அச்சம் நாடெங்கும் இருந்தது. நூல்களில் அமைதிக் காலமாகப் படிக்கும் பல சம்பவங்களுக்கு அடிப்படையான அனுபவங்கள் அவருக்குக் கிடைத்தது போருக்கு நடுவில்தான். கதைக்காகக் காலத்தைப் பின்னுக்குத் தள்ளியது எழுத்தாளரின் உரிமை. ஆனால், அந்த வீடு எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த மூன்று ஆண்டுகளைத் திரும்ப அதனதன் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வேலை கிடைத்ததே போரால்தான்

வைட் 1916-இல் சண்டர்லாந்தில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1939 டிசம்பரில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் புதிதாகப் படித்து வந்த கால்நடை மருத்துவருக்கு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் தங்க இடத்துக்கும் சம்பளமே இல்லாமல் உழைக்கத் தயாராக இருந்தவர்கள் உண்டு. சண்டர்லாந்தில் சில மாதங்கள் வேலை பார்த்த பிறகு, தெர்ஸ்க் ஊரின் டோனல்ட் சின்கிளேரைச் சந்தித்தார். கதையில் வரும் சீக்ஃபிரிட் ஃபார்னன் இவர்தான்.

சின்கிளேர் 1939-இல்தான் அந்தத் தொழிலை விலைக்கு வாங்கியிருந்தார். வாங்கிய வேகத்தில் அரச விமானப் படையில் சேரப் புறப்பட்டார். தாம் இல்லாதபோது நிலையத்தைப் பார்த்துக்கொண்டால் அதில் வரும் வருமானம் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று புதியவரிடம் சொன்னார். இளைஞருக்கு இதைவிட நல்ல பேரம் வாய்க்காது. ஆனால் நடந்தது என்ன? வந்த சில நாட்களிலேயே, வழி தெரியாத ஒரு வட்டாரத்தில், ஒரு பெரிய மருத்துவ நிலையம் தனி ஆளின் தோளில் விழுந்தது. சின்கிளேரின் தம்பி பிரையன் (கதையில் டிரிஸ்டன்) அப்போது இன்னும் படித்துக்கொண்டிருந்த மாணவர்.

சின்கிளேர் படையில் சேர்வதற்காகத் தம் வயதைக் குறைத்துச் சொல்லியிருந்தார். அது வெளிப்பட்டு, நான்கு மாதங்களில் திருப்பி அனுப்பப்பட்டார். திரும்பி வந்தவர் வைட்டை நிரந்தரமாக இருக்கச் சொல்லிச் சம்பளம் பேசினார். அந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் கதைகளே இருந்திருக்காது.

இருட்டில் கார், மேலே விமானம்

1939 செப்டம்பர் முதல் நாளிலேயே பிரிட்டன் முழுவதும் விளக்கணைப்பு வந்துவிட்டது. காரின் முன்விளக்குகளுக்கு மூடி போட வேண்டும். தரையில் ஒரு மெல்லிய கீற்று மட்டுமே விழும். தெருவிளக்கு கிடையாது. சாலையோரப் பெயர்ப்பலகைகளும், எதிரி வந்து இறங்கினால் வழி தெரிந்துவிடக்கூடாது என்று 1940-இல் கழற்றப்பட்டன. நள்ளிரவில் தொலைபேசி மணி அடித்து, பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று தகவல் வந்தால், ஊருக்கே புதியவரான மருத்துவர் மலைப்பாதையில் குருட்டாம்போக்கில்தான் காரை ஓட்ட வேண்டும்.

பெட்ரோலும் பங்கீட்டில். 1942 ஜூலையில் சொந்தப் பயன்பாட்டுக்கான சாதாரணப் பங்கீடு அடியோடு நிறுத்தப்பட்டது. மருத்துவர், கால்நடை மருத்துவர் போன்ற அத்தியாவசியத் தொழிலில் இருந்தவர்களுக்கு மட்டும் தனியாகக் கிடைத்தது. அதையும் கணக்குப் பார்த்துத்தான் செலவிட வேண்டும்.

தெர்ஸ்க் சமவெளிப் பகுதி விமான நிலையங்கள் நிறைந்த இடமாக மாறியது. டாப்கிளிஃப், லீமிங், டிஷ்ஃபோர்த், டால்டன், ஸ்கிப்டன்-ஆன்-ஸ்வேல் என்று சுற்றிலும் குண்டுவீச்சு விமானத் தளங்கள். 1943 ஜனவரி முதல் இவற்றை கனடா விமானப் படையின் ஆறாவது குழு நடத்தியது. மாலையில் ஜெர்மனியை நோக்கிப் புறப்படும் விமானங்களும், விடியும்போது எண்ணிக்கை குறைந்து திரும்பும் விமானங்களும் அங்கே மாடு கறப்பவர்களின் தலைக்கு மேல் பறந்தன. இந்தச் சத்தம் கதைகளில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

பால் ஏன் அவ்வளவு முக்கியம்?

கால்நடை மருத்துவம் போர்க்காலத்தில் விலக்கு பெற்ற தொழில். அதாவது, அந்தத் தொழிலில் இருப்பவரைக் கட்டாயமாகப் படைக்கு இழுப்பதில்லை. ஊரில் இருந்து வேலை பார்ப்பதே நாட்டுக்குச் செய்யும் சேவை. காரணம் எளிது. போருக்கு முன் பிரிட்டன் தன் உணவின் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. மாட்டுத் தீவனமும் அப்படித்தான் வந்தது. நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும் புண்ணாக்கும் சோளமும் நின்றன. ஒவ்வொரு மாவட்டத்திலும் போர்க்கால வேளாண் குழு அமைக்கப்பட்டது. எந்த நிலத்தில் என்ன போட வேண்டும் என்று விவசாயிக்கு அந்தக் குழு உத்தரவிடும். கேட்காதவரின் நிலத்தை எடுத்துக்கொள்ளவும் அதற்கு அதிகாரம் இருந்தது. போர் முடிவதற்குள் 60 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான புல்வெளி உழப்பட்டு உருளைக்கிழங்கும் கோதுமையும் ஆனது.

பன்றிக்கும் கோழிக்கும் தீவனம் குறைக்கப்பட்டபோதும் கறவை மாட்டுக்கு முன்னுரிமை கிடைத்தது. 1940 ஜூலையில் தேசியப் பால் திட்டம் வந்தது. கருவுற்ற பெண்களுக்கும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் தினம் ஒரு பைன்ட் பால் சலுகை விலையில், ஏழைகளுக்கு இலவசமாகவே. ஆக, ஒரு மாடு மடிநோயால் கறவையை நிறுத்தினால் அது அந்த விவசாயியின் நஷ்டம் மட்டும் அல்ல. எங்கோ ஒரு நகரத்தில் ஒரு குழந்தையின் பங்கும் குறைகிறது.

ஆனால் அதே பாலில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. 1930-களில் பிரிட்டனின் கறவை மாடுகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுக்குக் காசநோய்த் தொற்று இருந்ததாக மதிப்பிடப்பட்டது. மாட்டிலிருந்து வந்த காசநோயால் ஆண்டுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். கிராமப்புறங்களில் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் வழக்கம் பரவலாக இல்லை. பால் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்ற நினைக்கும் அரசாங்கம் அந்தப் பாலே பிள்ளைகளைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கான வழி டியூபர்குலின் சோதனை. மாட்டின் கழுத்தில் முடியை மழித்து, தோலின் தடிப்பை அளந்து, மருந்தைத் தோலுக்குள் ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் திரும்பி வந்து அதே இடத்தை அளக்க வேண்டும். வீங்கியிருந்தால் தொற்று உண்டு. அந்த மாடு மந்தையை விட்டுப் போக வேண்டும். சொல்வதற்குச் சுலபம். மலையில் சுற்றித் திரியும் கன்றுகளைப் பிடித்துக் கொட்டகையில் அடைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரு பண்ணைக்கு இரண்டு பயணம் என்பதால் பெட்ரோலும் இரண்டு மடங்கு. லேபர்ன் பக்கத்து மலைக் கிராமங்களில் இந்தச் சோதனைகளை ஏராளமாகச் செய்தவர் வைட். நோயில்லை என்று சான்று பெற்ற மந்தையின் பாலுக்குக் கூடுதல் விலை கிடைத்ததால், விவசாயிகளும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துழைத்தனர். நாடு முழுவதும் சான்று பெற்ற பகுதியாக அறிவிக்கப்பட்டது 1960-இல்தான். இருபது ஆண்டுகள் பிடித்த வேலை அது.

இரண்டு மாடு கட்டிப் பால் ஊற்றிய தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல கறவையைக் கொட்டகையிலிருந்து அவிழ்த்து அனுப்புவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

மருந்துப் பெட்டியில் என்ன இருந்தது?

இன்று நினைத்தால் வியப்பாக இருக்கும். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது, ஆனால் போர்க்காலத்தில் கிடைத்த கொஞ்சமும் காயம்பட்ட வீரர்களுக்குப் போனது. மாட்டுக்கு வந்தது போருக்குப் பிறகே. சல்ஃபா வகை மருந்துகள் 1930-களின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்திருந்தன. அவை கைகொடுத்த இடங்களில் விவசாயிகளுக்கு அது மந்திரம் போலத் தோன்றியது. மற்றபடி கண்ணாடிச் சீசாக்களில் கலவை மருந்துகள், களிம்பு, கிருமிநாசினி. பெயர் பெரிதாக இருக்கும், பலன் சிறிதாக இருக்கும் என்பது அந்த அலமாரியைப் பற்றி ஹெரியட் திரும்பத் திரும்பச் செய்யும் கேலி.

அலமாரியில் உண்மையாகவே வேலை செய்த மருந்து ஒன்று உண்டு: கால்சியம். கன்று ஈன்ற பசு திடீரென்று படுத்துவிடும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு கண் செருகிக் கிடக்கும். பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் காய்ச்சல் இருக்காது. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவதால் வருவது. முன்பெல்லாம் மடிக்குள் காற்றடித்துக் காப்பாற்றப் பார்த்தார்கள். கால்சியம் கரைசலை ஏற்றும் முறை 1930-களில் பரவிய பிறகு, செத்ததாகவே விவசாயி முடிவுகட்டிய மாடு சிறிது நேரத்தில் எழுந்து நின்றது.

கன்று போடும் கஷ்டத்துக்கு அப்படி எந்த மருந்தும் இல்லை. சட்டையைக் கழற்றி, கையில் சோப்பும் வெந்நீரும் பூசி, கல் பாவிய தரையில் படுத்து, தோள் வரை உள்ளே விட்டுக் கன்றின் கால் எங்கே, தலை எங்கே என்று தேட வேண்டும். பனிக்காலத்தில் கதவில்லாத கொட்டகையில் இரண்டு மூன்று மணி நேரம். பசுவுக்கு வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுக்கும் அறுவை சிகிச்சை பண்ணைகளில் வழக்கமானது போருக்குப் பிறகுதான். இந்த வேலையில் மருத்துவரின் உடம்புக்கும் ஆபத்து உண்டு. மாடு சினை வீசும் நோய்க்குக் காரணமான புரூசெல்லா கிருமி நஞ்சுக்கொடியை எடுக்கும் கைவழியாக மனிதருக்கும் தொற்றும். வைட்டுக்கும் தொற்றியது; காய்ச்சலும் மூட்டுவலியும் பல ஆண்டுகள் அவரை விட்டு விட்டுப் படுத்தின.

இன்னொரு தொல்லை போலி வைத்தியர்கள். பட்டம் இல்லாதவர் கால்நடைக்கு வைத்தியம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1948-இல்தான் வந்தது. அதுவரை பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வாலில் வெட்டி மருந்து வைத்துவிட்டுப் போவார். மாடு சாகும் தறுவாயில் படித்த டாக்டரைக் கூப்பிடுவார்கள். செத்தால் பழி யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை.

நாய், பூனைகளின் கதி

போர்க்காலக் கால்நடை மருத்துவத்தில் பிரிட்டன் பேசத் தயங்கும் ஒரு பக்கம் உண்டு. போர் அறிவிக்கப்பட்ட 1939 செப்டம்பர் முதல் வாரத்தில், லண்டனில் மட்டும் சுமார் 4 லட்சம் நாய்களும் பூனைகளும் உரிமையாளர்களாலேயே கொண்டுவரப்பட்டுக் கொல்லப்பட்டன. அப்போது ஒரு குண்டுகூட விழவில்லை. அரசாங்கம் அப்படி உத்தரவிடவும் இல்லை. விமானத் தாக்குதல் வந்தால் பிராணிகளைக் கிராமத்துக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்ற பொருளில் வெளியான ஓர் அறிவுரைக் கையேடும், எல்லோரையும் பிடித்த பீதியும் போதுமானதாக இருந்தன. மருத்துவர்களிடம் மயக்க மருந்து தீர்ந்துபோனது. காப்பாற்றப் படித்தவர்கள் வரிசையில் நின்ற ஆரோக்கியமான விலங்குகளைக் கொன்றுகொண்டிருந்தார்கள். சிறிது காலத்தில் வீடுகளில் எலி பெருகியபோது பூனைக்குக் கிராக்கி வந்தது வேறு கதை.

தெர்ஸ்க் போன்ற ஊரில் இந்த அலை அவ்வளவு அடிக்கவில்லை என்றே சொல்லலாம். அங்கே நாய் ஆடு மேய்க்கும், பூனை தானியம் காக்கும். வேலை செய்யும் பிராணியை யாரும் எளிதில் விடுவதில்லை.

குதிரைகளின் நிலை வேறு. 1939-இல் பிரிட்டன் பண்ணைகளில் சுமார் 56,000 டிராக்டர்கள் இருந்தன. 1946-இல் அது 2 லட்சத்தைத் தாண்டியது. தலைமுறை தலைமுறையாகக் கால்நடை மருத்துவரின் முதல் வாடிக்கையாளராக இருந்த ஏர்க் குதிரை, வைட்டின் கண்ணெதிரே காணாமல் போனது. ஆண்கள் படைக்குப் போன பண்ணைகளில் டிராக்டர் ஓட்டியவர்களில் பெண்கள் பலர். பெண்கள் நிலப் படை என்ற அமைப்பில் 80,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்த நகரத்துப் பெண்கள் கன்று இழுக்கும் கயிற்றைப் பிடித்தது அப்போதுதான்.

அந்த வீட்டில் இருந்தவர்கள்

கீழே மருத்துவ அறை, மருந்து அறை. மேலே தங்கும் அறைகள். தொலைபேசி வீட்டுக்கும் தொழிலுக்கும் ஒன்றே. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே கதவைத் தட்டுவார்கள். கதைகளில் இந்த வீட்டைக் கட்டி ஆள்பவர் திருமதி ஹால் என்ற பணிப்பெண். கணப்பு மேடையில் ஒரு குவளை; வசூலான பணம் அதில் திணிக்கப்பட்டிருக்கும், அதுதான் கணக்குப் புத்தகம். பன்றி இறைச்சியும் வெண்ணெயும் சர்க்கரையும் 1940 ஜனவரியில் பங்கீட்டுக்கு வந்தன. நாட்டுப்புறத்தில் பங்கீட்டுக்கு அப்பாலும் ஒரு வழி எப்போதும் இருந்தது. கட்டணம் கொடுக்க இழுத்தடிக்கும் விவசாயி, போகும்போது நாலு முட்டையையோ ஒரு துண்டு இறைச்சியையோ காரில் வைத்து அனுப்புவார்.

1941 நவம்பர் 5-ஆம் நாள் வைட், ஜோன் டான்பரியைத் தெர்ஸ்க் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார். கதையில் ஹெலன் விவசாயி மகள். நிஜத்தில் ஜோன் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தேனிலவு கார்பர்பி என்ற மலைக் கிராமத்து விடுதியில். பகலில் மாப்பிள்ளை என்ன செய்தார்? சுற்றுவட்டாரப் பண்ணைகளில் மாடுகளுக்கு டியூபர்குலின் சோதனை. நூலைப் படிப்பவர்கள் இது சிரிக்க வைக்கச் சேர்த்தது என்று நினைக்கலாம். உண்மையாக நடந்ததுதான். திரும்பி வந்து 23-ஆம் எண் வீட்டின் மாடியில் குடும்பம் நடத்தினர்.

ஓராண்டில் அதுவும் கலைந்தது. விலக்கு பெற்ற தொழிலில் இருந்தும் வைட் தாமாக விமானப் படைக்குப் பெயர் கொடுத்திருந்தார். 1942 நவம்பரில் அழைப்பு வந்தபோது ஜோன் கர்ப்பிணி. அவர் பெற்றோர் வீட்டுக்குப் போனார். கணவர் லண்டனுக்கும் பிறகு ஸ்கார்பரோவுக்கும் பயிற்சிக்குப் போனார். 1943 பிப்ரவரியில் மகன் பிறந்தான். வைட் டைகர் மாத் பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டும் அளவுக்குத் தேறினார். ஆனால் பழைய உபாதை ஒன்றுக்காகச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பின் பறக்கத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சில மாதங்கள் தரைப் பணி. 1943 நவம்பரில் விடுவிக்கப்பட்டு ஊருக்குத் திரும்பினார். அந்தப் பன்னிரண்டு மாதங்களே ‘வெட்ஸ் மைட் ஃப்ளை’ (1976), ‘வெட் இன் எ ஸ்பின்’ (1977) ஆகிய இரண்டு நூல்களுக்கும் சட்டகம். அணிவகுப்பில் நின்றுகொண்டு, ஊரில் விட்டுவந்த மாடுகளையே நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கதைகள் அவை.

தம்பி பிரையன் போர்க்காலத்தில் பட்டம் பெற்று, இராணுவக் கால்நடை மருத்துவப் படையில் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். கதையில் பரீட்சையில் தவறியே பெயர் வாங்கிய டிரிஸ்டன், வாழ்க்கையில் மாட்டின் மலட்டுத்தன்மை குறித்த அரசாங்க நிபுணராகி ஓய்வுபெற்றார்.

திரையில் வந்த போர்

1978-இல் தொடங்கிய பிபிசி தொடர், கதை போரை எட்டியதும் நின்றது. பிறகு 1983-இல் சிறப்பு நிகழ்ச்சியாகத் திரும்பியபோது போர் முடிந்திருந்தது. 2020-இல் தொடங்கிய புதிய தொடர் அப்படி ஒதுங்கவில்லை. அது போரை வீட்டுக்குள்ளேயே கொண்டுவருகிறது. அதில் சீக்ஃபிரிட் முதல் உலகப் போரில் குதிரைகளோடு இருந்தவராகக் காட்டப்படுகிறார். 1911-இல் பிறந்த டோனல்ட் சின்கிளேருக்கு அப்போது பள்ளி செல்லும் வயது.

மலேசிய, சிங்கப்பூர் வாசகர்கள் நிமிர்ந்து உட்காரும் இடம் ஒன்றும் அதில் உண்டு. திருமதி ஹாலின் மகன் கடற்படையில் சேர்கிறான். அவன் இருக்கும் கப்பல் ‘ரிபல்ஸ்’. 1941 டிசம்பர் 10-ஆம் நாள் குவாந்தான் கடலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ கப்பலோடு சேர்த்து மூழ்கடித்த அதே ‘ரிபல்ஸ்’. இரண்டிலும் சேர்த்து 840 பேர் இறந்தனர். இது தொடருக்காக எழுதிச் சேர்த்த கதை. என்றாலும் நம் கிழக்குக் கரையோரம் நடந்த ஒன்றின் செய்திக்காக யார்க்‌ஷயரின் ஒரு சமையலறை காத்திருப்பதைப் பார்க்கும்போது, போர்க்காலத்தைத் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சி தூரத்துக் கதையாக இருக்காது.

வைட் எழுதத் தொடங்கியபோது வயது 50-ஐ எட்டியிருந்தது. முதல் நூல் 1970-இல் வந்தது. கால்நடை மருத்துவர் விளம்பரம் தேடக்கூடாது என்ற தொழில் விதி காரணமாகப் புனைபெயர் தேவைப்பட்டது; தொலைக்காட்சியில் பார்த்த ஒரு கால்பந்துக் கோல்காவலரின் பெயரை எடுத்துக்கொண்டார். புகழ் வந்த பிறகும் தெர்ஸ்க் ஊரை விட்டுப் போகவில்லை. அவர் 1995 பிப்ரவரியிலும் டோனல்ட் சின்கிளேர் அதே ஆண்டு ஜூனிலும் காலமானார்கள்.

கிர்க்கேட் தெருவின் 23-ஆம் எண் வீடு 1999 முதல் அருங்காட்சியகம். அறைகள் 1940-களில் இருந்தபடி அமைக்கப்பட்டுள்ளன. பழைய பிபிசி தொடரில் ஓடிய ஆஸ்டின் 7 காரும் அங்கே நிற்கிறது.